கண்ணுக்கு நன்றாக இருக்கும் பாகத்தை நம்ப வேண்டாம்

பொருளாதாரத் தடைக் காலத்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு என்ஜின் என்றால் மண்ணெண்ணெய்ப் புகைதான் நினைவுக்கு வரும். மோட்டார் சைக்கிளும் மொரிஸ் மைனர் காரும் தோட்டத்துத் தண்ணீர் இறைக்கும் இயந்திரமும் அதிலேயே ஓடின. காபுரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். தேய்ந்த பாகத்தைக் கடைந்து, தகரம் வைத்து, மறுபடி பூட்டி ஓட்டிய கைகள் எங்களுடையவை. அந்தக் கைத்திறனில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. ஆனால் யாழ்ப்பாணத்துப் பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்த பிறகு, விமானப் பராமரிப்புப் படிக்க வேண்டும் என்று என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: குறை இருப்பதாக அறிவித்து உற்பத்தியாளர் திரும்பக் கேட்கும் பாகத்தின் முன்னால் அந்தக் கைத்திறனே நம்மை ஏமாற்றிவிடும்.

தேய்ந்த பாகம் தன் நோயைத் தானே சொல்லும். சத்தம் மாறும், எண்ணெயில் உலோகத் துகள் வரும், விரலை வைத்தால் ஆட்டம் தெரியும். பிறவியிலேயே குறையுள்ள பாகம் அப்படியல்ல. பளபளவென்று, அளவு பிசகாமல் இருக்கும். விமான என்ஜின் செய்யும் லைகாமிங் நிறுவனம் 2002இல் தன் ஆறு சிலிண்டர் டர்போ என்ஜின்கள் சிலவற்றின் கிராங்க்ஷாஃப்ட்களை, அதாவது பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டுகளை, திரும்பப் பெற்றபோது, குறை எஃகின் உள்ளே இருந்தது. எஃகைக் காய்ச்சி அடித்தபோது சூடு மிஞ்சியதா, அதன் கலவையே பிழையா என்று உற்பத்தியாளரும் அதை அடித்துக் கொடுத்த பட்டறை நிறுவனமும் நீதிமன்றம் வரை போய் வாதிட்டார்கள். எந்த மெக்கானிக்கின் கண்ணும் அதை வெளியிலிருந்து கண்டுபிடித்திருக்காது. “நன்றாகத்தானே இருக்கிறது, அடுத்த சர்வீஸ் வரை ஓடட்டும்” என்ற பேச்சுத்தான் எல்லாத் தவறுகளுக்கும் தாய்.

2017இல் அதே நிறுவனம் வெளியிட்ட கனெக்டிங் ரொட் அறிவிப்பைப் பாருங்கள். பிஸ்டனையும் கிராங்க்ஷாஃப்டையும் இணைக்கும் தண்டுதான் அந்த ரொட். பிஸ்டன் பின்னைத் தாங்கும் சிறிய முனையில் புஷ் எனப்படும் ஒரு வெண்கல வளையம் இறுக்கமாக அழுத்திப் பூட்டப்பட்டிருக்கும். சில ரொட்களில் அந்தப் பிடி போதுமானதாக இல்லை. புஷ் மெல்ல நகர்ந்து வெளியே வந்தால் ரொட் முறியும், பறக்கும்போது என்ஜின் நின்றுவிடும். அறிவிப்பு கேட்டது வெறும் பார்வையை அல்ல. புஷ் விளிம்பு துருத்தி நிற்கிறதா என்று பார்ப்பது முதல் படி. அப்படி நிற்காவிட்டாலும், அதற்கென்றே செய்த கருவியால் குறித்த விசையில் தள்ளிப் பார்க்க வேண்டும். நகர்ந்தால் ரொட் போக வேண்டியதுதான். விரலால் அழுத்தி “அசையவில்லை” என்று எழுதுவது சோதனை ஆகாது.

அடுத்த தவறு, என்ஜினின் இலக்கத் தகட்டை மட்டும் அறிவிப்பில் உள்ள இலக்கப் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது. 2023 பெப்ரவரியில் இன்னொரு என்ஜின் உற்பத்தியாளரான கொன்டினென்டல் நிறுவனம், கிராங்க்ஷாஃப்டின் எதிர்ப்பளுக்களைப் பிடித்திருக்கும் வளையங்கள் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று சோதிக்கச் சொன்னது. 2021 ஜூன் 1 முதல் 2023 பெப்ரவரி 7 வரை தயாரான என்ஜின்கள் அதில் அடங்கின. விமானம் செய்யும் சிரஸ் நிறுவனம் அந்தக் காலத்தில் தயாரித்த தன் விமானங்களில் நிறுவனப் பறப்புகளையே நிறுத்தி வைத்தது. அதே காலத்தில் தனி உதிரிப் பாகமாக விற்ற கிராங்க்ஷாஃப்ட்களும் கணக்கில் இருந்தன. உங்கள் என்ஜின் இருபது வருடப் பழையதாக இருக்கலாம்; அதற்குள் போன வருடம் பூட்டிய பாகம் புதியது. ஆகவே பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டி, எப்போது திறந்தார்கள், என்ன மாற்றினார்கள், அந்தப் பாகத்தின் இலக்கம் என்ன என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். சலிப்பான வேலைதான். பாதிப் பாதுகாப்பு அந்தச் சலிப்பில் இருக்கிறது.

ஒருமுறை பார்த்துப் “பட்டியலில் இல்லை” என்று மூடி வைப்பதும் ஆபத்து. 2002இல் தொடங்கிய கிராங்க்ஷாஃப்ட் விவகாரம் 2006 வரை புதிய அறிவிப்புகளாக நீண்டு, வேறு வகை என்ஜின்களையும் உள்ளே இழுத்தது.

உற்பத்தியாளரின் சேவை அறிவிப்பையும் அரசின் பறப்புத் தகுதிப் பணிப்புரையையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. பணிப்புரை சட்டம். என்ஜினை வடிவமைத்த நாடு வெளியிடுவதை, விமானம் பதிவான நாடு ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும். நம் நாட்டில் அந்தப் பொறுப்பு சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையுடையது. ரொட் விவகாரத்தில் அமெரிக்கப் பணிப்புரை கொடுத்த அவகாசம் 10 மணி நேர ஓட்டம் மட்டுமே. பயிற்சி விமானம் ஒன்று அதை ஒரு வாரத்துக்குள் ஓடி முடித்துவிடும்.

இனித் திறந்து பூட்டும் வேலை. குறையைத் தேடிச் சிலிண்டரைக் கழற்றியவர், போல்ட்களைச் சொன்ன வரிசையில், சொன்ன முறுக்கு விசையில் இறுக்காமல் விட்டால், இல்லாத குறையை உண்டாக்கிவிடுவார். உட்பகுதி பேரிங் இடம் பெயரும், போல்ட் தளரும். பலாலியின் உப்புக் காற்றையும் மறக்க வேண்டாம். எண்ணெய் பூசாமல், மூடாமல் இரவு முழுக்க விட்ட சிலிண்டர்ச் சுவர் துருப்பிடித்துவிடும்.

நான் பயிற்சி பெற்ற இடம் ஒன்றில் நடந்தது. அறிவிப்பின்படி கழற்றிய குறையுள்ள ரொட் ஒன்றைத் துடைத்து, எண்ணெய் பூசி, மற்ற உதிரிப் பாகங்கள் இருந்த தட்டில் அழகாக வைத்தேன். அட்டை எதுவும் கட்டவில்லை. இரண்டு நாள் கழித்து இன்னொரு பையன் அதை எடுத்து வேறொரு என்ஜினுக்காக மேசையில் அடுக்கிவிட்டான். எங்கள் மூத்தவர் இலக்கத்தைப் படித்துப் பார்த்து அதைக் கையில் எடுத்தார். “தம்பி, இதைத் துடைத்தது யார்?” என்று கேட்டார். அவர் குரல் உயரவில்லை, எனக்கு வியர்த்துவிட்டது. அன்றே சிவப்பு அட்டை கட்டி, இலக்கமும் காரணமும் எழுதி, பூட்டுப் போட்ட பெட்டிக்குள் வைத்தோம். உற்பத்தியாளர் திரும்ப அனுப்பச் சொன்னால் அனுப்ப வேண்டும், பணமோ மாற்றுப் பாகமோ அப்போதுதான் கிடைக்கும். வேண்டாம் என்று எழுத்தில் சொன்னால் யாரும் மறுபடி பூட்ட முடியாதபடி வெட்ட வேண்டும். அந்த ரொட்டை வைஸில் பிடித்து, இரும்பு அறுக்கும் வாளால் இரண்டாக அறுத்தவன் நான்தான்.

பதிவேட்டில் “பார்த்தேன், சரி” என்று எழுதாதீர்கள். நான் இப்போது எழுதுவது இப்படி: “அறிவிப்பின் இலக்கம், திருத்தப் பதிப்பு, திகதி. என்ஜின் இலக்கம் பட்டியலில் இல்லை. பின்னர் மாற்றிய மூன்றாம் சிலிண்டர் ரொட்டின் இலக்கம் பட்டியலில் உண்டு. கருவியால் சோதித்தோம், புஷ் நகர்ந்தது. கழற்றிச் சிவப்பு அட்டை கட்டிப் பெட்டியில் வைத்தோம். புதிய ரொட்டின் இலக்கம் கீழே.” அதன் கீழ் என் கையொப்பம், உரிம இலக்கம், என்ஜின் அதுவரை ஓடிய மணி நேரம்.