பெயரில் கைது ஆணை இருக்கிறதா? கண்டுபிடித்து ரத்து செய்துகொள்ளும் வழி

சாலை வரியைப் புதுப்பிக்கப் போன இடத்தில்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. காப்புறுதிக்குப் பணம் கட்டியாகிவிட்டது. அடுத்து சாலை வரி என்று வந்தபோது முகப்பில் இருந்த பெண் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். “உங்கள் பெயர் கருப்புப் பட்டியலில் இருக்கிறது, ஐயா. வாரான் தங்காப்” என்றார், கடையில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப்போல.

வாரான் தங்காப் என்றால் மலாயில் கைது ஆணை. என்னைப் பிடித்து மன்றத்தில் நிறுத்தும்படி ஒரு மாஜிஸ்திரேட் எப்போதோ கையெழுத்திட்டிருக்கிறார். நான் பாட்டுக்குச் செந்தூலில் சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வந்துகொண்டிருந்தேன்.

அதை ரத்து செய்ய எனக்கு மூன்று வாரம் பிடித்தது. முறை தெரிந்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். நான் வழக்கறிஞர் இல்லை. இங்கே சொல்வது மலேசியாவில் போக்குவரத்துச் சம்மன்களால் வரும் கைது ஆணைகளைப் பற்றி மட்டுமே. அடிதடி, மோசடி, போதைப்பொருள் என்று வேறு வழக்கில் ஆணை இருந்தால், இதைப் படிக்கும் நேரத்தில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

இது எப்படி முளைக்கிறது

போலீஸ்காரர் சாலையில் நிறுத்தி நேரில் எழுதிக் கொடுக்கும் சம்மன், போல் 257 படிவம். கேமராவில் சிக்கி வீட்டுக்கு அஞ்சலில் வருவது போல் 170ஏ. அது வண்டியை ஓட்டியது யார் என்று உரிமையாளரைக் கேட்கும் அறிவிப்பு. முதல் வகையை அலட்சியப்படுத்துவதுதான் அதிக ஆபத்து. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி அது மன்றத்துக்கு வரச்சொல்லும் அறிவிப்பும்கூட. வழக்கு மன்றத்துக்குப் போகாமலே முடிவதற்கான சமரச அபராதத்தைக் கட்டாமல், குறித்த நாளில் மன்றத்துக்கும் போகாமல் இருந்தால் மாஜிஸ்திரேட் கைது ஆணை பிறப்பிக்கலாம்.

“ஆண்டுக் கடைசியில் தள்ளுபடி வரும், அப்போது கட்டிக்கொள்ளலாம்” என்பது நம் நாட்டு வியாதி. எனக்கும் இருந்தது. 2018 தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பினாங்கில் ஒரு சிவப்பு விளக்கை மீறினேன். அந்தத் தாளைக் காரின் முன்பெட்டியில் போட்டேன். காரை விற்றபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது.

முதல் படி: ஆணை உண்மையா என்று பாருங்கள்

தொலைபேசியில் யாராவது அழைத்து “உங்கள் பெயரில் கைது ஆணை இருக்கிறது, ரத்து செய்ய இந்த வங்கிக் கணக்கில் பணம் போடுங்கள்” என்றால் அது மோசடி. வாட்ஸ்அப்பில் முத்திரை போட்ட தாளின் படம் வந்தாலும் மோசடிதான். கைது ஆணை எழுத்தில், மாஜிஸ்திரேட்டின் கையெழுத்தோடும் மன்றத்தின் முத்திரையோடும் இருக்க வேண்டும். அதை நிறைவேற்ற வரும் அதிகாரியிடம் காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வங்கிக் கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு ஆணையை ரத்து செய்யும் மன்றம் எதுவும் இல்லை. பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் உடனே 997க்கு அழையுங்கள். 2022இல் தொடங்கிய தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது. சந்தேகமான வங்கிக் கணக்கு எண்ணைப் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பார்க்கலாம்.

என் பெரியம்மா ஒருவர் இப்படித்தான் நாலாயிரம் வெள்ளியை (ரிங்கிட்) தொலைத்தார். வண்டியே ஓட்டத் தெரியாதவர்.

இரண்டாம் படி: சம்மன்களைத் தேடுதல்

போலீஸ் சம்மன்களுக்கு மைபாயார் பிடிஆர்எம் செயலியில் அடையாள அட்டை எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகா, கொடுத்த சம்மன்களுக்கு மைஜேபிஜே செயலி. இடைத்தரகு இணையத்தளங்களும் இருக்கின்றன. நான் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. சேவைக் கட்டணம் கொடுத்துப் பார்ப்பதற்கு அதில் புதிதாக எதுவும் இல்லை.

செயலி சம்மனைக் காட்டும். ஆனால் மன்றத்துக்குப் போய்விட்ட வழக்கைச் செயலியில் பணம் கட்டி முடிக்க முடியாது. பட்டியலில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு, நிம்மதியாகத் தூங்கியவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒருவன், இரண்டு சம்மன்களைக் கட்டினேன், கருப்புப் பட்டியல் அப்படியே இருந்தது.

ஆகவே செயலியோடு நிற்காமல் அடையாள அட்டையோடு போக்குவரத்துப் போலீஸ் நிலையத்துக்கு நேரில் போங்கள். கோலாலம்பூரில் அது ஜாலான் துன் எச்.எஸ். லீயில் இருக்கிறது, மகாமாரியம்மன் கோயில் இருக்கும் அதே தெரு. “போனால் அங்கேயே பிடித்து உட்கார வைத்துவிட மாட்டார்களா?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆணையை நிறைவேற்ற அவர்களுக்கு அதிகாரம் உண்டு என்பதால் அதற்கு வாய்ப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பல ஆணைகளில் பிணையில் விடலாம் என்ற குறிப்பை மாஜிஸ்திரேட் எழுதியிருப்பார். அப்படி இருந்தால் ஜாமீன்தாரர் கையெழுத்திட்டு, குறித்த நாளில் மன்றத்துக்கு வருவதாக உறுதி கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். குறிப்பு இல்லாவிட்டாலும் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 5ஆவது பிரிவு சொல்கிறது. வெள்ளிக்கிழமை பிற்பகலில் மட்டும் போகாதீர்கள். செவ்வாய், புதன் காலையே உத்தமம்.

மூன்றாம் படி: எந்த மன்றம்? நான் விழுந்த குழி

இந்தப் படியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 38ஆம் பிரிவில் ஒரு சிறிய வாக்கியம் இருக்கிறது. கைது ஆணை, அதைப் பிறப்பித்த மன்றம் ரத்து செய்யும்வரை அல்லது நிறைவேற்றப்படும்வரை உயிரோடு இருக்கும். இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, பத்து ஆண்டு ஆனாலும் அது தானாகக் காலாவதி ஆகாது. இரண்டு, ரத்து வேண்டும் என்றால் அதைப் பிறப்பித்த மன்றத்துக்கே போக வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று ஜாலான் டூத்தா வளாகத்துக்குப் போய் நின்றால் வேலை நடக்காது.

வழக்கு எண்ணின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளில் மன்றம் எது என்று தெரிந்துவிடும். டபிள்யூஏ என்றால் கோலாலம்பூர். ஷா ஆலமுக்கும் பினாங்கு ஜார்ஜ்டவுனுக்கும்தான் வில்லங்கம். முன்னதற்கு BA, பின்னதற்கு PA. நம் எழுத்தில் இரண்டும் ‘பிஏ’தான். தொலைபேசியிலும் இரண்டும் ஒரே சத்தம்.

எனக்கு எண்ணை வாய்மொழியாகத்தான் சொன்னார்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒருமுறை பிடிபட்டது நினைவில் இருந்ததால், என் காது தானாகவே ஷா ஆலம் என்று எடுத்துக்கொண்டது. விடுப்பு எடுத்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஷா ஆலம் போனேன். முகப்பில் இருந்தவர் என் அடையாள அட்டை எண்ணைத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது. ஆணையே இல்லை என்று முடிவு கட்டி, வழியில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினேன். மறுவாரம் சாலை வரிக்குப் போனால் அதே கருப்புப் பட்டியல். என் வழக்கு இருந்தது பினாங்கில்.

அதனால் எண்ணைக் காதால் வாங்காதீர்கள். ஒரு தாளை நீட்டி எழுதித்தரச் சொல்லுங்கள். “பினாங்கா, ஷா ஆலமா” என்று ஊர்ப் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கு எண், சம்மன் எண், குற்றம் நடந்த தேதி மூன்றும் கையில் இருந்தால் மன்றத்தில் கோப்பு சீக்கிரம் கிடைக்கும்.

நான்காம் படி: மன்றத்துக்குப் போகும் நாள்

முழுக்கால் சட்டை, கழுத்துப்பட்டி உள்ள மேல்சட்டை, மூடிய காலணி. எனக்கு முன்னால் வந்த ஓர் இளைஞரைச் செருப்போடு வந்ததற்காக வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ரொக்கம் எடுத்துப்போங்கள். கூடவே மலேசியக் குடிமகன் ஒருவரை அழைத்துப்போங்கள். குற்றத்தை மறுத்து விசாரணை கேட்டால் ஜாமீனுக்கு ஆள் வேண்டியிருக்கும்.

நான் முதல் நாளே ரயிலில் பட்டர்வொர்த் போய் அத்தை வீட்டில் தங்கினேன். “இதற்கு ஏனப்பா முகம் இப்படி வெளிறிக் கிடக்கிறது? உன் மாமா மூன்று தடவை போய்வந்திருக்கிறார்” என்று சொல்லி அத்தை தோசை சுட்டுப் போட்டார். காலை ஃபெரியில் தீவுக்குப் போய், லைட் ஸ்திரீட்டில் இருக்கும் மன்ற வளாகத்துக்கு எட்டரைக்கு முன்பே சேர்ந்துவிட்டேன்.

பதிவகத்தில் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: “சாயா டாத்தாங் உந்தோக் பத்தால்கான் வாரான்.” ஆணையை ரத்து செய்ய வந்திருக்கிறேன் என்று பொருள். அடையாள அட்டையையும் எழுதிவைத்த தாளையும் கொடுங்கள். பழைய கோப்பு என்றால் தேடி எடுக்க நேரமாகும். வெளியே “சார், நான் முடித்துத் தருகிறேன், இருநூறு போதும்” என்று ஒருவர் வந்து பேசினால் பதில் சொல்லாமல் நகருங்கள். அது லஞ்சமாகப் போய் முடிந்தால் சிவப்பு விளக்கைவிடப் பெரிய வழக்கு.

பதினொன்றரைக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். பிரித்து வைத்த கோப்பில் அந்தச் சம்மனின் நகல் இருந்தது. மை வெளிறிப்போயிருந்தாலும் அடியில் என் கையெழுத்து தெளிவாக இருந்தது. அப்போது நான் பெயருக்குக் கீழே கோடு போட்டு இரண்டு புள்ளி வைக்கும் பழக்கத்தில் இருந்தேன்.

மாஜிஸ்திரேட் ஆணாக இருந்தால் துவான், பெண்ணாக இருந்தால் புவான். மன்ற மொழி மலாய். புரியாவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். எனக்கு மலாய் தெரியும், இருந்தாலும் கேட்டேன். குற்றச்சாட்டின் சட்ட மலாய், கடைத்தெரு மலாய் இல்லை. ஏன் வரவில்லை என்று முதலில் கேட்பார்கள். கதை சொல்லாதீர்கள். “தாளைத் தொலைத்துவிட்டேன், என் தவறுதான்” என்றேன். ஆணை ரத்தானது. பிறகு குற்றச்சாட்டைப் படித்தார்கள்.

“புரிகிறதா? ஒப்புக்கொள்கிறீர்களா, விசாரணை கேட்கிறீர்களா?” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

ஒப்புக்கொண்டேன். தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வாய்ப்புத் தருவார்கள். சம்பளம், வீட்டில் எத்தனை பேர், முன்குற்றம் இல்லை என்பதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 300 வெள்ளியில் முடிந்திருக்க வேண்டியது 500 வெள்ளி ஆனது. கட்டத் தவறினால் அதற்குப் பதிலாகச் சிறை என்று நாள் கணக்கையும் சேர்த்தே சொல்வார்கள், அதனால் அன்றே கட்டிவிடுங்கள்.

ஐந்தாம் படி: தாள்கள்

பணம் கட்டிய ரசீது, ஆணை ரத்தான உத்தரவின் நகல். இரண்டையும் கேட்டு வாங்காமல் வளாகத்தை விட்டு வெளியேறாதீர்கள். கருப்புப் பட்டியல் தானாக நீங்கும் என்று காத்திருக்காமல், நகலைப் போக்குவரத்துப் போலீஸிலும் ஜேபிஜேயிலும் காட்டுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். சாலைத் தடுப்பில் பழைய பதிவு தலைகாட்டினால் காட்டுவதற்காக, நான் ஒரு நகலை இன்னமும் காரில் வைத்திருக்கிறேன். இந்த முறை முன்பெட்டியில் இல்லை.

பிறகு சேர்த்தவை

இதைப் படித்த நண்பர்கள் கேட்டதில் முக்கியமானவை.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்றால்? கைது, தடுப்புக்காவல், ஜாமீன் கட்டங்களில் தேசியச் சட்ட உதவி அறவாரியம் குடிமக்களுக்கு இலவசமாக வழக்கறிஞரை அனுப்புகிறது. அதன் மலாய்ப் பெயரின் சுருக்கம் ஒய்பிஜிகே. மன்றத்திலேயே அவர்களைக் கேட்கலாம்.

ஒருவருக்கு வந்தது போக்குவரத்து வழக்கே இல்லை, கடன். வங்கி தீர்ப்பு வாங்கிய பிறகு, 1957ஆம் ஆண்டுக் கடனாளிகள் சட்டத்தின்கீழ் வரச்சொன்ன விசாரணைக்குப் போகாததால் வந்த சிக்கல் அது. அங்கே எதிர்த்தரப்பு வங்கியின் வழக்கறிஞர். முதலில் அவர்களோடு தவணை பேச வேண்டும். மேலே சொன்ன படிகள் அதற்குப் பொருந்தா.

2026 ஜனவரி 1 முதல் சம்மன்களுக்கான கழிவு (தள்ளுபடி) முறை மாறிவிட்டது. சம்மன் கொடுத்த 15 நாளுக்குள் கட்டினால் பாதி, 16 முதல் 30 நாளுக்குள் 33 விழுக்காடு கழிவு, 60 நாள் வரை முழுத்தொகை, அதற்கு மேல் மன்றம். ஆண்டுக் கடைசிக்குக் காத்திருக்கும் வியாதிக்கு இனி இடமில்லை.

சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒரு தம்பி, வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கெடா, கிளந்தான், திரெங்கானுவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஆணை அங்கே உள்ள மன்றத்துடையது என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை போங்கள்.