நெஞ்சில் பேஸ்மேக்கர், சட்டைப் பையில் தொலைபேசி
உப்புவெளியில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு இடது நெஞ்சில் பேஸ்மேக்கர், அதாவது இதயத் துடிப்பைச் சீராக்கும் சிறு கருவி, பொருத்தியிருக்கிறது. கைத்தொலைபேசியையும் அதே பக்கச் சட்டைப் பையில்தான் வைத்திருந்தார்! அதை வாங்கிப் பழைய வானொலிப் பெட்டியருகே வைத்தேன். மணி ஒலிக்கும் முன்பே வானொலி 'டிக்டிக்டிக்' என்று இரைந்தது. "தொலைபேசி வீசும் இந்த அலைதான் பெரியப்பா, உங்கள் நெஞ்சருகே" என்றேன்.

பேஸ்மேக்கரிலிருந்து குறைந்தது 15 சென்ரிமீற்றர் தள்ளியே தொலைபேசி இருக்கட்டும். எதிர்ப்பக்கக் காதில் வைத்துப் பேசுங்கள். காந்தம் பதித்த புதிய தொலைபேசிகளில் இன்னும் கவனம் தேவை. அந்தக் காந்தமே பேஸ்மேக்கரின் இயக்கத்தை மாற்றிவிடக்கூடும்.

மற்றவர்களுக்கும் ஒன்று: சிக்னல் மெலிந்த இடத்தில் கோபுரத்தை எட்டத் தொலைபேசி கூடுதல் வலுவுடன் அலை வீசும். அங்கே சுருக்கமாகப் பேசுங்கள், அல்லது ஒலிபெருக்கியில் பேசுங்கள்.

பெரியப்பா இப்போது தொலைபேசியைச் சாரத்து மடிப்பில்தான் செருகிக்கொள்கிறார்.