தொற்றா நோய்ப் பிரிவில் புதிதாகச் சேரும் நர்சுக்கு

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவில் நர்சாக இருக்கிறேன். காய்ச்சல், முதுகுவலி என்று எதற்கு வந்தாலும் சரி, 30 வயதைத் தாண்டியவர்களுக்கு பி.பி.யும் சுகரும் பார்த்துத்தான் உள்ளே அனுப்புவோம். நாம் சீட்டில் எழுதுகிற எண்ணை நம்பித்தான் டாக்டர் முடிவெடுக்கிறார். அதனால் கூட்டம் எவ்வளவு இருந்தாலும் அவசரப்படாதீர்கள்.

முதலில் பி.பி. பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்தவரை ஐந்து நிமிடம் உட்காரவையுங்கள். டீ குடித்திருந்தாலோ புகையிலை போட்டிருந்தாலோ அரை மணி நேரம் போகட்டும். "பாத்ரூம் போகணுமா அம்மா?" என்று கேட்டுவிடுங்கள்; சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் பி.பி. ஏறிக் காட்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். கையில் சுற்றிக் காற்றடிக்கும் பட்டையை, அதாவது கஃபை, சட்டைக்கு மேல் சுற்றாதீர்கள். பருத்த கைக்குச் சின்ன கஃப் போட்டால் இல்லாத பி.பி.யைக் காட்டிவிடும். பார்க்கும்போது அவரும் பேசக் கூடாது, நீங்களும் பேசக் கூடாது. 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் கொஞ்சம் விட்டு மறுபடி பாருங்கள்.

அடுத்து சுகர். மாம்பழ சீசனில் சந்தையில் பழம் விற்கும் அக்கா ஒருவர் வந்தார். மீட்டர் 286 காட்டியது. "எங்கம்மாவுக்குக் காலை எடுத்தாங்க சிஸ்டர்" என்று அழவே ஆரம்பித்துவிட்டார். விரலைப் பார்த்தேன்; நகக்கண்ணெல்லாம் பழச்சாறு காய்ந்து மஞ்சளாக இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வேறு விரலில் குத்தினேன். 112. ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது மட்டும் போதாது, கை கழுவத்தான் வேண்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்துங்கள், வலி குறைவு. 140-ஐத் தாண்டினால் வெறும் வயிற்றில் இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள்.

வெற்றிலை, புகையிலை போடுகிறவர்களுக்கு டார்ச் அடித்து வாய்க்குள் வாய்ப்புற்றுக்கு அறிகுறியாக வெள்ளை, சிவப்புத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பெண்களைச் சம்மதிக்கவைப்பதுதான் நம் வேலையிலேயே பெரிய வேலை. வரிசையில் நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தியபின் பேசுங்கள். "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே" என்பார்கள். ஒரு தொந்தரவும் தெரியாதபோதே கண்டுபிடித்தால் சின்ன சிகிச்சையோடு முடிந்துவிடும் என்று சொல்லுங்கள். உள்ளே விரித்துப் பார்க்கும் கருவியான ஸ்பெகுலத்தை நான் அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன், தொட்டுப் பார்த்தால் பாதி பயம் போய்விடும். கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவியபின் கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் பொறுங்கள். வெள்ளையாக மாறினால் மேல்பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஆனால் வெள்ளை என்றாலே புற்றுநோய் இல்லை. அதை அவர் படுக்கையிலிருந்து எழுந்ததுமே சொல்லிவிடுங்கள்.

மறுபடி வர வேண்டியவர்களை அழைக்கப் போன் நம்பர் எழுதும்போது, "இதை யார் எடுப்பாங்க?" என்று கேளுங்கள். ஒருமுறை நான் கேட்காமல் விட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தார். நல்லவேளை, நான் விவரம் எதுவும் சொல்லவில்லை. நம்பரே இல்லாதவர்களின் தெருவையும் வீட்டு அடையாளத்தையும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தின் தன்னார்வலரிடம் கொடுத்துவிடுவேன். 2021-இல் அந்தத் திட்டம் வந்ததிலிருந்து வீடு தேடிப் போக ஆள் இருக்கிறது. மற்றவர்களை நானே அழைக்கிறேன், அதுவும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். கூலி வேலைக்குப் போகிறவர்கள் அப்போதுதான் வீடு திரும்பியிருப்பார்கள்.