மருந்துக் காப்பீட்டில் ஐர்மா: கடிதம் வந்தவுடன் என்ன செய்வது?

அமெரிக்காவில் மெடிகேர் என்ற முதியோருக்கான அரசுக் காப்பீட்டில், பார்ட் டி எனும் மருந்துக் காப்பீட்டை எடுத்திருக்கும் ஓய்வுபெற்றவர்களில் சிலருக்கு, ஆண்டு இறுதியில் அரசு ஓய்வுத்தொகை வழங்கும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வரும். வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டது, ஜனவரியிலிருந்து கூடுதல் கட்டணம் உண்டு என்று அதில் இருக்கும். இதன் பெயர்தான் ஐர்மா. பார்ட் டி-க்கு இது 2011இல் வந்தது.

இந்தப் பணம் உங்கள் மருந்துத் திட்டத்தை நடத்தும் கம்பெனிக்குப் போவதில்லை, அரசுக்குப் போகிறது. ஆகவே மலிவான திட்டத்துக்கு மாறினாலும் குறையாது. நீங்கள் முன்பு வேலை பார்த்த கம்பெனி உங்கள் பிரீமியத்தைக் கட்டிவந்தாலும் ஐர்மாவை நீங்கள்தான் கட்ட வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி தொகையில் பிடித்துக்கொள்வார்கள். அது இன்னும் வாங்க ஆரம்பிக்காதவர்களுக்குத் தனி பில் வரும். அந்த பில்லைக் கட்டாமல் விட்டால் மருந்துக் காப்பீடே போய்விடும்.

கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது, எந்த ஆண்டின் வருமான வரி ரிட்டர்னை வைத்துக் கணக்கிட்டார்கள் என்பதை. 2026 கட்டணத்துக்கு 2024 வருமானம்தான் கணக்கு. 2024க்கான 1040 என்ற வருமான வரிப் படிவத்தில் 11ஆவது வரிசையில் உள்ள தொகையையும், வரியில்லா வட்டி இருக்கும் 2ஏ வரிசையின் தொகையையும் கூட்டுங்கள். முனிசிபல் பாண்டு எனும் உள்ளாட்சிக் கடன் பத்திர வட்டிக்கு வரி இல்லையே என்று அதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். இங்கே அதுவும் சேரும். ராத் எனும், வரி கட்டிய பணத்தைச் சேமிக்கும் ஓய்வுக் கணக்கிலிருந்து முறைப்படி எடுத்த பணம் சேராது.

2026இல் தனிநபருக்கு 1,09,000 டாலர், சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு 2,18,000 டாலர் வரை ஐர்மா இல்லை. அதற்கு மேல் ஐந்து படிகள். பார்ட் டி-க்கு மாதம் 14.50, 37.50, 60.40, 83.30, 91.00 டாலர் என்று ஏறும். மருத்துவர் செலவுகளுக்கான பார்ட் பி-க்கும் இதே படிகளில் தனியாக ஏறும். வரம்பை ஒரு டாலர் தாண்டினாலும் அந்தப் படியின் முழுத் தொகையும் விழும். தனிநபர் ஒருவர் முதல் படியில் கால் வைத்தால், பார்ட் பி-யின் 81.20ஐயும் சேர்த்து ஆண்டுக்கு 1,148.40 டாலர் கூடுதல் செலவு.

அடுத்து, 2024க்குப் பிறகு உங்கள் வருமானம் குறைந்திருந்தால், ஏன் குறைந்தது என்று பாருங்கள். திருமணம், விவாகரத்து, துணையின் மரணம், வேலையை விட்டது, வேலை நேரத்தைக் குறைத்தது, பென்ஷன் நின்றது போன்ற காரணம் என்றால், ஐர்மாவைக் குறைக்கக் கேட்கும் எஸ்எஸ்ஏ-44 படிவம் போடலாம். வீடு விற்ற லாபம், ராத் கன்வெர்ஷன் (மற்ற ஓய்வுக் கணக்கின் பணத்தை ராத் கணக்குக்கு மாற்றுவது), பங்கு விற்பனை ஆகியவற்றால் வருமானம் ஏறியிருந்தால் இந்தப் படிவம் உதவாது. ரிட்டர்ன் விவரமே தவறு என்றால் வழி வேறு: கடிதம் கிடைத்த 60 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும்.

படிவத்தில் ஒரே ஒரு நிகழ்வைக் குறித்து, அதன் தேதியை எழுதுங்கள். பிறகு எந்த ஆண்டு வருமானம் குறைந்தது என்று கேட்கும். பலர் தடுமாறும் இடம் இதுதான். 2025 நவம்பரில் ஓய்வுபெற்றவருக்கு அந்த ஆண்டு வருமானம் பெரும்பாலும் குறைந்திருக்காது. அவர் 2025ஐ எழுதினால் பயன் இருக்காது. 2026ஐ எழுதி, அந்த ஆண்டுக்கான மதிப்பீட்டைத் தர வேண்டும். மாதப் பென்ஷனை அல்ல, ரிட்டர்னில் வரப்போகும் முழு ஆண்டுத் தொகையைப் போடுங்கள். வேண்டுமென்றே குறைத்துப் போடாதீர்கள். உண்மையான ரிட்டர்ன் வந்ததும் ஒப்பிட்டு, விட்டுப்போனதை வசூலிப்பார்கள்.

ஓய்வுபெற்றதற்குக் கம்பெனி கொடுத்த கடிதம், மரணச் சான்றிதழ் என நிகழ்வுக்கு ஏற்ற ஆதாரத்தை இணையுங்கள். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு படிவம் போட வேண்டும். ஒருவர் போட்டது மற்றவருக்கும் செல்லும் என்று இருந்துவிடாதீர்கள். அனுப்பியதற்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வரும்வரை பணம் கட்டிக்கொண்டே இருங்கள். சாதகமாக முடிந்தால் திரும்ப வரும்.

இந்த உழைப்புக்குப் பலன் உண்டு. 2024இல் 2,90,000 டாலர் சம்பாதித்த தம்பதி இருவரும் மெடிகேரில் இருந்தால், இரண்டாம் படியில் ஆளுக்கு பார்ட் பி-யில் 202.90, பார்ட் டி-யில் 37.50 கூடுதலாகக் கட்டுவார்கள். ஓய்வுக்குப் பின் வருமானம் 1,20,000 என்று ஏற்கப்பட்டால் ஆண்டுக்கு 5,769.60 டாலர் மிச்சம்.

மெடிகேர் இன்னும் தொடங்காதவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 65இல் சேருபவருக்கு 63 வயதின் ரிட்டர்ன் பேசும். பெரிய ராத் கன்வெர்ஷனை அதற்கு முன்பே முடிப்பது நல்லது. 70½ வயதைக் கடந்தவர்கள் ஐஆர்ஏ எனும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலிருந்து அறக்கட்டளைக்கு நேரடியாக நன்கொடை அனுப்பினால், அந்தத் தொகை 1040 படிவத்தின் 11ஆவது வரிசையில் ஏறாது. பணத்தைக் கையில் வாங்கிப் பிறகு கொடுத்தால் ஏறிவிடும். மியூச்சுவல் ஃபண்டு வைத்திருப்பவர்கள் வரம்புக்குக் கீழே சில ஆயிரம் டாலராவது இடம் விடுங்கள். பல ஃபண்டுகள் லாபத்தை டிசம்பரில்தான் பகிர்கின்றன. அதற்குள் மற்றக் கணக்கையெல்லாம் முடித்திருப்பீர்கள்.