போர்டு பெயரைத் தேடாதீர்கள், லேன் சிப்பைத் தேடுங்கள்: டெஸ்க்டாப்பில் இஎஸ்எக்ஸ்ஐ

ஒரே கணினிக்குள் பல விர்ச்சுவல் கணினிகளை ஓட்டவைக்கும் மென்பொருளான விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐயை வீட்டுக் கணினியில் போட்டுப் பழக நினைப்பவர்கள் முதலில் அது எந்த வன்பொருளில் ஓடும் என்று சொல்லும் பொருத்தப் பட்டியலைத் திறந்து, கடையில் பார்த்த மதர்போர்டின் பெயரைத் தேடுவார்கள். கிடைக்காது. அந்தப் பட்டியல் சர்வர்களுக்காகப் போட்டது. அதற்காக டெஸ்க்டாப் போர்டில் ஓடவே ஓடாது என்று விட்டுவிட வேண்டாம். போர்டில் என்னென்ன சிப்புகள் இருக்கின்றன என்று பாருங்கள்.

படி 1: லேன் சிப்

கேபிள் வழியாகக் கணினியை நெட்வொர்க்கில் இணைப்பது இந்தச் சிப்தான். நான் கோட்டை விட்டது இங்கேதான். எல்லாம் வாங்கிப் பூட்டி, பென்டிரைவைச் செருகினால், நெட்வொர்க் அடாப்டரே இல்லை என்று சொல்லி இன்ஸ்டாலர் நின்றுவிட்டது. கேபிள் செருகியிருக்கிறது, விளக்கு மினுக்குகிறது, விண்டோஸில் இணையமும் வருகிறது! அந்தச் சிப்புக்கான டிரைவர் இஎஸ்எக்ஸ்ஐக்குள் இல்லை, அவ்வளவுதான்.

போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் விவரக்குறிப்புப் பக்கத்துக்குப் போய் 'லேன்' என்ற வரியைப் பாருங்கள். இன்டெல் ஐ210, ஐ350 என்றால் கவலையில்லை. ஐ225 என்றால் 8.0 பதிப்பைப் போடுங்கள், 7.0இல் டிரைவரைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. விலை குறைந்த போர்டுகளில் பெரும்பாலும் ரியல்டெக் 8111தான் இருக்கும். 6.7 வரை அதற்கு ஆர்வலர்கள் செய்த டிரைவரைச் சேர்த்து ஓட்டினார்கள். 2020இல் வந்த 7.0, லினக்ஸ் வழி வந்த அந்தப் பழைய டிரைவர்களைக் கைவிட்டதும் அந்த வித்தை செல்லாமல் போனது. அதனால் பழைய குறிப்புகளைப் படித்தால் தேதியையும் பாருங்கள்.

இன்னொன்று: ஒரே பெயருள்ள போர்டின் வேறு ரிவிஷனில் சிப் மாறியிருக்கலாம். பெட்டியில் உள்ள ரிவிஷன் எண்ணையும் ஒப்பிடுங்கள்.

படி 2: ப்ராசஸர்

இன்டெல் 12ஆம் தலைமுறை முதல் பல ப்ராசஸர்களில் பெரிய கோர், சிறிய கோர் என்று இரண்டு வகை உண்டு. இந்தக் கலவையைக் கண்டால் இஎஸ்எக்ஸ்ஐ ஊதாத் திரையில் பிழையைக் காட்டி நின்றுவிடும். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய போர்டின் அமைப்புப் பக்கம்) சிறிய கோர்களை அணைத்தால் சரியாகும். ஐ3-12100, ஐ5-12400 போன்றவற்றில் சிறிய கோரே இல்லை. புதியவர்களுக்கு அதுவே நல்லது.

படி 3: மற்றவை

8.0க்குக் குறைந்தது 8 ஜிபி ராம், 32 ஜிபி பூட் டிஸ்க் வேண்டும். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்க போர்டில் வரும் ரெய்டை நம்பாதீர்கள், டிஸ்க் இணைப்பான சாட்டாவை பயாஸில் ஏஎச்சிஐ என்ற சாதாரண முறையில் வையுங்கள். விர்ச்சுவலைசேஷனை பயாஸில் இயக்குங்கள். ஏஎம்டி போர்டுகளில் அது எஸ்விஎம் என்ற பெயரில் இருக்கும்.

படி 4: சோதனை

போர்டு கையில் இருந்தால், டிஸ்க்கைக் கழற்றிவிட்டு இன்ஸ்டாலர் பென்டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். லேன் சிப் பிடிக்கவில்லை என்றால் தொடக்கத்திலேயே சொல்லிவிடும். அப்போதும் போர்டை மாற்ற வேண்டியதில்லை. இன்டெல் ஐ350 நெட்வொர்க் கார்டு ஒன்றை பிசிஐஇ ஸ்லாட்டில் செருகிக்கொள்ளலாம். நானும் அதைத்தான் செய்தேன். போர்டிலேயே உள்ள லேன் போர்ட் இன்னும் சும்மாதான் கிடக்கிறது.