ஆறுமணிக்குருவி பின்னால் நடக்காதீர்கள்

ஆறுமணிக்குருவியைப் படம் எடுக்க அதன் பின்னால் போகாதீர்கள். விடியும் நேரத்தில் அது விசிலடித்துக் கூப்பிடும் இடத்தைக் காதால் குறித்துக்கொண்டு, பக்கத்தில் ஈரச் சருகு கனமாகக் கிடக்கும் நிழலாகப் பார்த்து, ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிடுங்கள்.

குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் இந்தக் குருவி பெரும்பாலும் ஒரு சின்ன இடத்தையே பிடித்துக்கொண்டு, அங்கேயே சருகைப் புரட்டிப் புரட்டிப் புழு பூச்சி தின்னும், அதனால் நீங்கள் அசையாமல் இருந்தால் கட்டை வாலை மெதுவாக மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு தானாகவே உங்கள் பக்கம் தத்தி வர நல்ல வாய்ப்பு உண்டு. நடந்தால் சருகு நொறுங்கும் சத்தமே போதும், புதருக்குள் போய்விடும். கேமராவைத் தரையோடு வையுங்கள், ஷட்டர் சத்தத்தை அணைத்துவிடுங்கள்; வெளிச்சம் குறைவுதான், கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றிக்கொண்டு அது தத்தலை நிறுத்தி நிற்கும் நொடியில் அழுத்துங்கள். பிளாஷ் வேண்டாம். போனில் அதன் குரலைப் போட்டு வரவழைப்பதும் வேண்டவே வேண்டாம், தன் இடத்துக்கு வேறொரு குருவி வந்துவிட்டது என்று நினைத்து, சாப்பிட வேண்டிய நேரத்தில் இல்லாத எதிரியைத் தேடி அலையும்.

அக்டோபர் வாக்கில் வலசை வந்த களைப்பில் ஊருக்குள் தோட்டத்தில் இறங்கும் குருவிக்கு இப்படி உட்கார்ந்து காத்திருப்பது சரிப்படாது, அது ஓரிரு நாளில் அங்கிருந்து கிளம்பிவிடக்கூடும். மழைக்காலத்தில் மத்திய, வட இந்தியக் காடுகளில் கூடு கட்டியிருக்கும்போது இப்படி அருகில் போய் உட்காரவே கூடாது.