தலைமைப் பயிற்சியாளர் கையில் அந்த அட்டை வேண்டாம்

சென்ற பருவத்தில் அமெரிக்காவின் ஒரு சிறு கல்லூரியில் கால்பந்து ஆட்டம் பார்த்தேன். முட்டை வடிவப் பந்தை ஏந்தி ஓடும் அவர்களுடைய கால்பந்து. புதிதாகப் பொறுப்பேற்ற இளம் தலைமைப் பயிற்சியாளர் ஆட்டம் முழுவதும் எல்லைக்கோட்டருகே, அணி ஆட வேண்டிய நகர்வுகள் எழுதிய அட்டையைப் பார்த்தபடி தலை குனிந்தே நின்றார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் நின்றேன். புதிய தலைமைப் பயிற்சியாளர்கள் செய்யும் தவறுகள் சிலவற்றைச் சொல்கிறேன். நேரத்துக்கு வருவது, வீரர்களைத் திட்டாமலிருப்பது பற்றியெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழைய வேலையையும் சேர்த்துச் சுமப்பது

தாக்குதல் உத்திகளில் பெயர் வாங்கித் தலைமைக்கு வந்தவர், அதன் பிறகும் அடுத்து ஆட வேண்டிய ஒவ்வொரு நகர்வையும் தானே தேர்ந்து அழைக்கிறார். ஒரு நகர்வு முடிந்து அடுத்தது தொடங்க 40 விநாடிதான். அதற்குள் அட்டையில் தேடி ஹெட்செட்டில் சொல்ல வேண்டும். தாக்குதல் அணி வந்து அமர்ந்ததும் அடுத்த முறைக்காக மறுபடி அட்டைக்குள் போய்விடுகிறார். களத்தில் நிற்கும் தற்காப்பு அணிக்கு நாதியில்லை.

என் மூன்றாவது ஆட்டம். மழை. நான்கு புள்ளி முன்னிலையில் இருந்தோம். எதிரணிக்கு நான்காவது, அதாவது கடைசி முயற்சி; பந்தைத் தக்கவைக்கத் தேவை இரண்டு யார்டு. எங்கள் பக்கம் பதினொருவருக்குப் பதில் பத்துப் பேர்தான் களத்தில் நின்றார்கள். தற்காப்புப் பயிற்சியாளர் ஆட்டத்தைச் சற்று நிறுத்தும் டைம்-அவுட் கேட்டு ஹெட்செட்டில் இரண்டு முறை கத்தியிருக்கிறார். நானோ தாக்குதல் பயிற்சியாளர்களின் அலைவரிசையில் இருந்தேன், நனைந்த அட்டையைக் கட்டைவிரலால் துடைத்தபடி. ஆட்டத்தின் ஒவ்வொரு பாதிக்கும் மூன்று டைம்-அவுட் உண்டு, இரண்டு மிச்சமிருந்தன. ஆளில்லாத இடைவெளியில் புகுந்து ஓடினார்கள். தோற்றோம்.

திங்கட்கிழமை மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் வந்து சொன்னான்: "கோச், நாங்கள் ஆடும்போது நீங்கள் எங்களைப் பார்ப்பதே இல்லை." நினைத்தால் இன்றும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்சியாளர் ரயன் டேயும் பல ஆண்டுகள் நகர்வுகளைத் தானே அழைத்தவர்தான். 2024இல் அந்த வேலையைச் சிப் கெல்லியிடம் ஒப்படைத்தார். தான் மாணவனாக ஆடியபோது தனக்குப் பயிற்சி தந்தவரிடம். அந்தப் பருவத்தின் தேசியப் பட்டம் 2025 ஜனவரியில் அவர்களுக்கு வந்தது. அட்டை கைமாறியதால் மட்டும் வந்த பட்டமல்ல, ஆனாலும் அந்த மனம் எளிதில் வராது. கொடுப்பதென்றால் முழுதாகக் கொடுங்கள். மூன்றாம் கால்பகுதியில் பதறிப்போய்ப் பிடுங்கிக்கொள்வது, கொடுக்காமலே இருப்பதைவிட மோசம்.

நண்பர்களை மட்டுமே பணியில் அமர்த்துவது

கிளெம்சன் பல்கலைக்கழக அணியின் டாபோ ஸ்வினி 2008இல் தலைமைப் பொறுப்பேற்றபோது வயது 38, தாக்குதலையோ தற்காப்பையோ நடத்தும் ஒருங்கிணைப்பாளராகக்கூட இருந்ததில்லை. 2012 ஜனவரியில் ஆரஞ்ச் பௌல் என்ற பருவ இறுதி ஆட்டத்தில் 70–33 எனத் தோற்றதும், தற்காப்புக்கு வெளியாளைத் தேடி, ஒக்லஹோமா பல்கலைக்கழகத்திலிருந்து பிரென்ட் வெனபிள்ஸை அழைத்து வந்தார். 2016, 2018 பருவங்களில் தேசியப் பட்டம் வென்றார்.

பெற்றோரிடம் வாக்குக் கொடுப்பது

"உங்கள் மகனை முதல் ஆண்டே களமிறக்குவேன்" என்று எந்தத் தாயிடமும் சொல்லாதீர்கள்.